ஓகே 4169

பெர்ரி பிராட்ஃபோர்டுக்கு நியூயார்க் இசைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மியூல்’. கோவேறு கழுதை. மேடையில் அவர் பாடிய ஒரு கழுதைப் பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். பிடிவாதத்தால் வந்தது என்று சொன்னாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அலபாமாவில் பிறந்து, அட்லாண்டாவில் வளர்ந்து, ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில் பாடி ஆடி பியானோ வாசித்து, கடைசியில் ஹார்லெமில் வந்து தங்கிய கறுப்பினப் பாடலாசிரியர் அவர். 1920-ன் தொடக்கத்தில் அவருக்கு இருந்த பெரிய வேலை இசைத்தட்டுக் கம்பெனிகளின் மாடிப்படி ஏறி இறங்குவதுதான். கையில் தன் பாட்டுகள், கூடவே ஒரு கோரிக்கை: இவற்றை ஒரு கறுப்பினப் பெண் பாடவேண்டும்.

கொலம்பியா முடியாது என்றது. விக்டர் கம்பெனி 1920 ஜனவரியில் அவர் சொன்ன பாடகி மேமி ஸ்மித்தை அழைத்து ஒரு சோதனைப் பதிவு எடுத்துப் பார்த்தது. வெளியிடவில்லை. மிச்சமிருந்தது ஓகே என்ற சின்னக் கம்பெனி.

ஓகேயின் கதையே சுவாரசியமானது. ஆட்டோ ஹைனமன் என்ற ஜெர்மானியர் நடத்தியது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கோத்ததுதான் கம்பெனியின் பெயர். பெர்லினின் லிண்ட்ஸ்ட்ரோம் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர், 1914-ல் போர் வெடித்தபோது அமெரிக்காவில் மாட்டிக்கொண்டார். சும்மா இருக்கவில்லை. அங்கேயே கிராமபோன் மோட்டார் செய்ய ஆரம்பித்து, 1918-ல் தட்டு போடவும் இறங்கிவிட்டார். இந்த லிண்ட்ஸ்ட்ரோம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஓடியன். பின்னாளில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் கூட்டாளிகளும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக விற்ற அதே ஓடியன். பெரிய கம்பெனிகள் பிரபலங்களை வளைத்துப் போட்டிருந்த காலத்தில் ஓகேவுக்குப் புதிய வாடிக்கையாளர் தேவைப்பட்டார்கள். பிராட்ஃபோர்ட் அங்கே போய் விற்றது பாட்டை அல்ல, அந்த வாடிக்கையாளர்களை.

ஓகேயில் பதிவுகளைக் கவனித்துக்கொண்ட ஃப்ரெட் ஹேகரிடம் அவர் சொன்ன கணக்கு அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு கோடியே நாற்பது லட்சம் கறுப்பின மக்கள் இருக்கிறோம், எங்களில் ஒருத்தி பாடினால் தட்டை வாங்குவோம் என்றாராம். 1920-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை ஒரு கோடியே நான்கு லட்சம் சொச்சம் என்றுதான் காட்டுகிறது. விற்க வந்தவர் சரக்கோடு முப்பத்தைந்து லட்சம் பேரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் சொன்னதன் சாரம் சரி. அந்த ஜனங்களின் கையில் கிராமபோன் இருந்தது, காசும் கொஞ்சம் புரண்டது. போர்க்காலத்தில் வடக்கே ஆலைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் வேலை கிடைக்க, தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலேறிப் போயிருந்தார்கள். அவர்கள் வாங்குவதற்கென்று ஒரு தட்டு இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும். கறுப்பினத்தவர் யாருமே அதுவரை தட்டில் பாடவில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. தவறு. 1890களிலேயே ஜார்ஜ் ஜான்சன் மெழுகு உருளைகளில் பாடி விற்றிருக்கிறார். நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸ் கொலம்பியாவின் நட்சத்திரம். ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர்கள் பக்திப் பாடல்களைப் பதித்திருக்கிறார்கள். ப்ளூஸ் பாட்டும் தட்டுக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரப் பாடகிகள் அதைப் பாடிப் பதித்துக்கொண்டிருந்தார்கள். இல்லாமலிருந்தது ஒரு கறுப்பினப் பெண் தன் குரலில், தன் ஆட்களின் வாத்தியத்தோடு ப்ளூஸ் பாடுவது.

ஹேகருக்கு பிராட்ஃபோர்டின் பாட்டு பிடித்திருந்தது. ஆனால் பாட வைக்க நினைத்தது சோஃபி டக்கரை; புகழ்பெற்ற வெள்ளைக்காரப் பாடகி. டக்கர் வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் வர முடியவில்லை. அந்தச் சந்தில் நுழைந்தவர்தான் மேமி ஸ்மித்.

சின்சினாட்டிக்காரர். சிறு வயதிலேயே ஆட்டக் குழுவோடு ஊர் சுற்றக் கிளம்பியவர். 1913 வாக்கில் ஹார்லெமில் தங்கி, இரவு விடுதிகளில் பாடிக்கொண்டிருந்தார். 1918-ல் லிங்கன் தியேட்டரில் பிராட்ஃபோர்ட் போட்ட ‘மேட் இன் ஹார்லெம்’ நாடகத்தில் ‘ஹார்லெம் ப்ளூஸ்’ என்ற பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கியிருந்தார். தெற்கத்தி வயல்காட்டுக் குரலல்ல அவருடையது. கடைசி வரிசை டிக்கெட்காரனுக்கும் சொல் தெளிவாக விழவேண்டும் என்று மேடையில் பழகிய குரல்.

1920 பிப்ரவரி 14-ஆம் தேதி மேமி இரண்டு பாட்டுகளைப் பதித்தார். இரண்டுமே பிராட்ஃபோர்ட் எழுதியவை. பின்னணி வாசித்தது கம்பெனியின் சொந்த வாத்தியக்குழு, எல்லாரும் வெள்ளைக்காரர்கள். தட்டின் லேபிளில் பாடகியின் பெயர், குரல்வகை கான்ட்ரால்டோ, அவ்வளவே. கறுப்பினத்தவர் என்று எங்கும் சொல்லவில்லை. கறுப்பினப் பெண்களைப் பாட வைத்தால் ஓகேயின் தட்டையும் பெட்டியையும் புறக்கணிப்போம் என்று ஹேகருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். ஹேகர் அசரவில்லை. தட்டு கோடையில் வெளிவந்து, எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. அடுத்ததற்கு அழைப்பு வந்தது. இந்த முறை பிராட்ஃபோர்ட் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்: வாத்தியக்காரர்களும் எங்கள் ஆட்களாக இருக்கவேண்டும்.

என்னைக் கேட்டால், திருப்பம் என்று சொல்லத் தக்கது பிப்ரவரி அல்ல, ஆகஸ்ட். வெறும் பாடகியை மாற்றியிருந்தால் பழைய சரக்குக்குப் புது முகம் கிடைத்திருக்கும். பின்னால் வாசிக்கும் கைகள் மாறியதால்தான் அது வேறு சரக்கானது.

1920 ஆகஸ்ட் 10, நியூயார்க். ஓகேயின் பதிவறைக்குள் மேமி ஸ்மித்தும் ‘ஜாஸ் ஹவுண்ட்ஸ்’ என்று பெயர் சூட்டப்பட்ட ஐந்து பேரும் போனார்கள். ஆடிங்டன் மேஜர் கார்னெட், டோப் ஆண்ட்ரூஸ் ட்ராம்போன், எர்னெஸ்ட் எலியட் கிளாரினெட், லிராய் பார்க்கர் வயலின் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். பியானோ யார் என்பதில் சண்டை. நான்தான் என்று வில்லி ‘த லயன்’ ஸ்மித் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார், பிராட்ஃபோர்டும் தானே என்றார். கம்பெனி அந்தக் காலத்தில் வாத்தியக்காரர் பெயரையெல்லாம் எழுதி வைக்கவில்லை. லயன் என்று நம்புவதுதான் எனக்குச் சௌகரியம், அவர் எங்கே இருந்தாலும் அந்த இடம் சுவாரசியமாகிவிடும் என்பதற்காக. எழுதிவைத்த ஸ்வரத் தாள் ஏதும் இல்லை. முணுமுணுத்துக் காட்டி, ஆளாளுக்குத் தன் பங்கை மனதிலேயே கட்டிக்கொண்டு வாசித்ததாக பிராட்ஃபோர்ட் சொல்கிறார்.

மைக் கிடையாது, மின்சாரப் பதிவு வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அறையின் ஒரு சுவரிலிருந்து பெரிய தகரப் புனல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குறுகிய முனையில் மெல்லிய தகடு, தகட்டில் ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் கனத்த மெழுகு வட்டு. பாடகி புனலின் வாய்க்கு நேராக நிற்கவேண்டும். உரக்கக் கத்தினால் ஊசி துள்ளிவிடும், மெதுவாகப் பாடினால் மெழுகில் எதுவும் பதியாது. ட்ராம்போன் போன்ற சத்தக்காரர்களைத் தள்ளி நிறுத்துவார்கள். டிரம்ஸ் அடித்தால் மெழுகு கெட்டுப்போகும் என்று அதை உள்ளேயே விடவில்லை. ஆகவே இந்தப் பாட்டில் தாளத்துக்கென்று தனி வாத்தியம் இல்லை. பியானோவும் ட்ராம்போனும் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஒரு தவறு நேர்ந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. மெழுகைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குக் குறைவாகத்தான் கொள்ளும். அதற்குள் பாட்டு முடியவேண்டும். பாட்டு பழைய ‘ஹார்லெம் ப்ளூஸ்’தான், பெயரை ‘கிரேஸி ப்ளூஸ்’ என்று மாற்றியிருந்தார் பிராட்ஃபோர்ட். பழைய சரக்குக்குப் புதுப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர். இதே பாட்டை வேறு பெயர்களில் வேறு பதிப்பாளர்களிடம் முன்பே தள்ளிவிட்டிருந்தார் என்று பின்னால் வில்லங்கம் கிளம்பியது. அதன் மெட்டில் ஒரு பகுதி தாசி வீடுகளில் புழங்கிய பழம்பாட்டு என்று பியானோ மேதை ஜேம்ஸ் பி. ஜான்சன் சொன்னதாகவும் பதிவிருக்கிறது.

இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால், முதலில் காதில் விழுவது தட்டின் இரைச்சல். கொஞ்சம் பொறுத்தால் உள்ளே ஆட்கள் தென்படுவார்கள். மேமி ஓர் அடி பாடி முடிக்கும் இடத்தில் ட்ராம்போன் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கிளாரினெட் மேலே இழைகிறது. வயலின் எங்கோ தூரத்தில் விசும்புகிறது. யாரும் யாருக்கும் வழிவிட்டு வாசிக்கவில்லை, ஆனால் யாரும் பாடகியின் சொல்லை மூடவும் இல்லை. பிப்ரவரித் தட்டின் வாத்தியக்குழு தாளைப் பார்த்து ஒழுங்காக வாசித்தது. இங்கே ஐந்து பேரும் பாடகியோடு பேசுகிறார்கள். மேமியின் குரலில் அழுகை கிடையாது. துயரத்தைச் சொல்கிறார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்.

மெழுகு வட்டு பட்டறைக்குப் போகும். அதன்மேல் கரியத் தூள் பூசி, செம்பு முலாமில் முக்கி எடுத்தால் பள்ளமெல்லாம் மேடாகப் பதிந்த ஓர் உலோகத் தகடு கிடைக்கும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து அச்சுத் தகடு. இனி பாட்டு அமெரிக்காவிலிருந்து விலகி நம் பக்கம் வருகிறது.

ஏனென்றால் அந்தத் தட்டின் உடம்பு அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் மிகச் சின்னப் பூச்சிகள், தம்மைச் சுற்றி வடிக்கும் பிசின். பழங்குடி மக்கள் கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுப்பார்கள். இடித்து, சிவப்புச் சாயம் போகும்வரை கழுவி, நீளமான துணிப்பையில் திணித்து, கரி நெருப்பின் முன்னே பிடித்துப் பையை முறுக்க, உருகிய பிசின் துணி வழியே கசியும். சூடு ஆறுவதற்குள் ஓர் ஆள் அதைக் கையால், கால் விரல்களால், பல்லால் கடித்து இழுத்து மெல்லிய தாளாக விரிப்பார். அது நொறுங்கிய பின் மூட்டையாகக் கல்கத்தா துறைமுகத்துக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகத்தின் இசை இந்த மூட்டையை நம்பித்தான் இருந்தது. நம் ஊர்க் கிராமபோன் தட்டுகளும் அதே அரக்குதான்.

தட்டு முழுக்க அரக்கு என்று நினைக்க வேண்டாம். அது பிணைக்கும் பசை மட்டுமே. பெரும்பகுதி சுண்ணாம்புக் கல் பொடி, கொஞ்சம் பஞ்சுத்தூள், கறுப்பாக்கக் கரிப்புகை. கல்பொடி சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. எஃகு ஊசியின் முனையை அது சட்டென்று தேய்த்து, பள்ளத்துக்குப் பொருத்தமாக்கிவிடும். அதற்காகத்தான் ஒரு பக்கம் கேட்டவுடன் ஊசியை மாற்று என்று தட்டின் உறையிலேயே எழுதியிருப்பார்கள். சிக்கனம் பார்த்துப் பழைய ஊசியை மறுபடி போட்டால் அது தட்டை உழுதுவிடும். ஆலையில் நீராவி மேஜையில் இளக்கிய உருண்டையை, லேபிள் காகிதத்தோடு சேர்த்து, இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்த, அப்பளம் மாதிரி பரந்துகொண்டு வெளியே வரும். குளிர்ந்தால் கறுப்புக் கல். கீழே விழுந்தால் சில்லு.

இலையுதிர் காலத்தில் தட்டு ‘ஓகே 4169’ என்ற எண்ணோடு கடைக்கு வந்தது. ஒரு டாலர். துணி வெளுத்தும் வீட்டுவேலை செய்தும் வாரக்கூலி வாங்கிய பெண்களுக்கு அது சின்னப் பணமல்ல. ஆனாலும் வாங்கினார்கள். முதல் மாதத்திலேயே எழுபத்தைந்தாயிரம் விற்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சிலர் பத்து லட்சம் வரை ஏற்றிவிடுவார்கள். கம்பெனியின் பேரேட்டைக் காட்டி யாரும் நிரூபித்ததில்லை. ஹார்லெமிலும் சிகாகோவின் தெற்குப் பகுதியிலும் கறுப்பினத்தவர் தெருக்களில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் இந்தப் பாட்டு ஒலித்தது என்று அக்காலத்தவர் நினைவுகூர்வது எந்த எண்ணைவிடவும் நம்பத்தக்கது.

வடக்கே கடை உண்டு. பெரும்பாலும் மரச்சாமான் கடைகள். கிராமபோன் பெட்டியும் மரச்சாமான்தானே என்று தட்டையும் கூடவே விற்றார்கள். தெற்கே, பருத்திக் காட்டுக் கிராமங்களுக்கு யார் கொண்டுபோவது? புல்மன் கம்பெனியின் தூங்கும் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த சிப்பந்திகள். கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினத்தவர். படுக்கை விரிப்பது, ஷூ துடைப்பது, பெட்டி தூக்குவது அவர்கள் வேலை. சொந்தப் பெயர் சொல்லி அழைக்கவும் பயணிகளுக்கு மனமில்லை, கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் புல்மன் பெயரால் எல்லாரும் ‘ஜார்ஜ்’. இந்த ஜார்ஜ்கள் சிகாகோவில் ராபர்ட் அபாட் நடத்திய ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகைக் கட்டுகளைத் தெற்கே கடத்திப் பழகியவர்கள். அதைப் படிப்பதைத் தெற்கின் பல ஊர்களில் வெள்ளைக்காரர்கள் சகிக்கவில்லை. கட்டுகளைப் பிடுங்கி எரித்ததும் உண்டு. பத்திரிகை போன அதே தண்டவாளத்தில் தட்டும் போயிற்று. வடக்கே டஜன் கணக்கில் ஒரு டாலருக்கு வாங்கி, நின்று போகும் ஸ்டேஷன்களில் இரண்டு டாலருக்குக் கைமாற்றினார்கள் என்பார்கள். ஒரு டாலர் சரக்குக்கு ஒரு டாலர் லாபம். கொள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடைந்தால் நஷ்டம் அவர்களுடையது, மாட்டினால் வேலையும் அவர்களுடையது.

பாட்டில் அப்படி என்ன இருந்தது? மேலுக்கு, கைவிட்டுப் போன காதலனை நினைத்துப் புலம்பும் பெண். இரவில் தூக்கமில்லை, பகலில் சோறில்லை என்கிற வழக்கமான சங்கதி. கடைசிப் பகுதியில் திடீரென்று திரும்புகிறது. போதை ஏற்றிக்கொள்ளப் போகிறேன், துப்பாக்கி எடுக்கப் போகிறேன், ஒரு போலீஸ்காரனைச் சுடப் போகிறேன் என்கிறாள். பாட்டின் மற்ற இடங்களில் போலீஸ்காரன் என்ற பேச்சே இல்லை. காதலனுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆடம் கஸ்ஸோ என்ற ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். பதிவுக்கு முந்தைய ஆண்டு 1919. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்மீது கும்பல்கள் பாய்ந்த ஆண்டு. சிகாகோவில் மட்டும் ஜூலைக் கடைசியில் 38 பேர் செத்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். அந்தத் தெருக்களின் ஜன்னல்களில்தான் அடுத்த ஆண்டு இந்தப் பாட்டு ஒலித்தது. ஹேகருக்கு அந்த அடி காதில் விழுந்ததா, விழுந்தும் மேடை வேடிக்கை என்று விட்டுவிட்டாரா? வாங்கியவர்களுக்கு விழாமல் இருந்திருக்காது. பிராட்ஃபோர்ட் இதைக் கலகப் பாட்டாக எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன், அவர் கைதட்டலுக்கு எழுதுகிறவர். ஆனால் எங்கே கைதட்டு விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லா ப்ளூஸ் புத்தகங்களிலும் இருக்கிறது. பணம் தெரிந்ததும் கம்பெனிகள் முண்டியடித்தன. 1921-ல் ஓகே கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்றே தனி வரிசை எண் தொடங்கியது. இப்படிப்பட்ட தட்டுகளுக்கு ‘ரேஸ் ரெகார்ட்ஸ்’ என்று பெயர் விழுந்தது. அதே ஆண்டு ஹாரி பேஸ் என்பவர் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான ‘பிளாக் ஸ்வான்’ கம்பெனியை ஆரம்பித்து எதெல் வாட்டர்ஸைப் பாடவைத்தார். முடியாது என்ற கொலம்பியா 1923-ல் பெஸ்ஸி ஸ்மித்தைப் பிடித்தது. பாரமவுண்ட் மா ரெய்னியைப் பிடித்தது. கிளாரா ஸ்மித், ட்ரிக்ஸி ஸ்மித் என்று ஸ்மித்களாக வந்து குவிந்தார்கள். ஒருவருக்கொருவர் ரத்த உறவு கிடையாது. ஹேகரிடம் உதவியாளராக இருந்த ரால்ஃப் பியர் இன்னொரு பாடமும் கற்றுக்கொண்டார்: யாரும் சீந்தாத ஜனங்களிடம் அவர்கள் பாட்டையே விற்கலாம். 1923-ல் அட்லாண்டா போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளைக்காரக் கிராமத்து வயலின்காரரைப் பதித்தார். கன்ட்ரி இசை வியாபாரம் அங்கிருந்து கிளம்பியது.

மேமிக்கு நல்ல காலம் சில ஆண்டுகள். தீக்கோழி இறகுப் போர்வை, வைரம், பட்டு என்று மேடையில் ஜொலித்தார். ஜாஸ் ஹவுண்ட்ஸில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பதின்வயதில் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனோடு சேர்ந்ததும், பப்பர் மைலி ட்ரம்பெட்டோடு சேர்ந்ததும் இந்தக் குழுவில்தான். ஹாக்கின்ஸ் பிறகு ஜாஸ் சாக்ஸபோனுக்கே தலைமகன் ஆனார், மைலி டியூக் எலிங்டன் குழுவின் உறுமலுக்குக் காரணமானார். மேமியை ப்ளூஸ் ரசிகர்கள் இன்று பெரிதாகக் கொண்டாடுவதில்லை. பெஸ்ஸியின் கனம் இல்லை, மேடைப் பாடகி, அசல் ப்ளூஸ் அல்ல என்பார்கள். குரலை மட்டும் எடைபோட்டால் நானும் பெஸ்ஸி பக்கம்தான். ஆனால் புனலுக்கு முன்னால் எத்தனை சத்தம் போடலாம், மூன்றே கால் நிமிடத்தில் ஒரு கதையை எப்படி முடிப்பது, ஐந்து வாத்தியங்களுக்கு நடுவில் சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்றெல்லாம் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு தட்டு முன்னால் இருந்தது. மேமிக்கு முன்னால் எதுவும் இல்லை.

அடுத்த பத்தாண்டுகளில் பொருளாதார வீழ்ச்சி தட்டு வியாபாரத்தைப் படுக்கவைத்தது. மேமி கொஞ்சம் சினிமாவில் தலைகாட்டினார். 1939-ல் வந்த ‘பாரடைஸ் இன் ஹார்லெம்’ அவற்றில் ஒன்று. 1946-ல் நியூயார்க்கில் இறந்தபோது கையில் காசில்லை. ஸ்டேட்டன் தீவில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல் பல்லாண்டுகள் இல்லாமலிருந்து, 2013-ல் ரசிகர்கள் சந்தா திரட்டி ஒன்று நட்டார்கள்.

தட்டுக்கும் கெட்ட காலம் வந்தது. வாங்கியவர்கள் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. போட்டுப் போட்டுத் தேய்த்தார்கள். கறுப்புப் பளபளப்பு போய்ப் பள்ளங்கள் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும் பிரதிகளைப் பார்த்தால் எந்த இடத்தில் பாட்டு உரக்கப் போகிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம், அங்கேதான் ஊசி அதிகம் தின்றிருக்கும். பிறகு இரண்டாம் உலகப்போர். ஆசியாவிலிருந்து கப்பல் வருவது சிக்கலானதும், அரக்கு போர்த் தேவைக்கும் வேண்டியிருந்ததும் சேர்ந்துகொள்ள, 1942-ல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளின் அரக்கைப் பத்தில் மூன்று பங்காக வெட்டியது. பழைய தட்டுகளைக் கொடுங்கள், நொறுக்கிப் புதிது செய்கிறோம் என்று வீடு வீடாக வசூல் நடந்தது. தேசபக்தியோடு ஜனங்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். எத்தனை மேமி ஸ்மித் அந்தக் குவியலில் அரைபட்டு வேறு யாரோ பாடிய நடனப் பாட்டாக மறுபிறவி எடுத்தாரோ. சோட்டா நாக்பூர்ப் பிசினுக்கு யார் பாட்டு என்று பேதம் கிடையாது.

தப்பித்தவை சேகரிப்பாளர் கைக்கு வந்தன. 1960களில் வடக்கத்தி வெள்ளைக்கார இளைஞர்கள் தெற்கத்திக் கிராமங்களில் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா அம்மா என்று கேட்டு சில்லறைக் காசுக்கு அள்ளினார்கள். அவர்கள் தேடியது கிட்டாரோடு தனியாகப் பாடிய ஆண்களை. சில நூறு பிரதிகளே விற்று மறைந்துபோன தட்டுகளை. அவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான டாலர் விலை. ‘கிரேஸி ப்ளூஸ்’ அந்தப் பந்தயத்தில் பின்தங்கிவிட்டது, காரணம் அது நிறைய விற்றிருந்தது. கறுப்பினப் பெண்கள் தங்கள் கூலியில் ஆயிரமாயிரமாக வாங்கிய ஒன்று அபூர்வப் பொருள் ஆவதெப்படி? சேகரிப்பாளர்களின் ரசனைதான் நெடுங்காலம் ப்ளூஸ் வரலாறாக எழுதப்பட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மரியாதைகள் தாமதமாக வந்தன. 1994-ல் கிராமி புகழரங்கம், 2005-ஆம் ஆண்டின் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவேடு. உரிமை மட்டும் கம்பெனி கைமாறிக் கைமாறி வந்தது. ஓகேவை 1926-லேயே கொலம்பியா வாங்கிவிட்டது, கொலம்பியா இன்று சோனியிடம் இருக்கிறது. 2018-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1923-க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகள் அத்தனையும் 2022 ஜனவரி 1-ஆம் தேதி பொதுச்சொத்து ஆயின. ஓகே 4169-ஐ இப்போது யாரும் படியெடுக்கலாம், விற்கலாம், தன் படத்தில் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பிராட்ஃபோர்ட் 1970-ல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் பெயரை மாற்றி இன்னொரு பதிப்பாளரிடம் விற்றிருப்பார்.